தோட்டம் காட்ட வந்த கீரி

தாயில்லாக் குஞ்சுகளுக்காக வான்கோழி நடத்திவந்த காப்பகத்தில் கினிக்கோழிக்கு வாசல் காவல். வேற்று நிழல் தெரிந்தாலே ஊரைக் கூட்டிவிடும் தொண்டை அதற்கு.

ஒருநாள் கீரி வந்தது. காப்பகத்துக்குள் புகுந்த பாம்பைக் கொன்றதிலிருந்து அதற்கு அங்கே ராஜ மரியாதை.

வாசலோரம் நின்ற ஒரு குஞ்சைக் காட்டி, "இந்தக் குஞ்சுக்குத் தோட்டம் காட்டிட்டுக் கொண்டாந்து விடறேன்," என்றது.

"தாராளமா! நானும் கூட வரேன்," என்றது கினிக்கோழி.

கீரியின் வால் சிலிர்த்தது. "என்னையே சந்தேகப்படறியா?"

"யார் கேட்டாலும் குஞ்சைத் தனியா அனுப்பமாட்டேன். நம்ம வான்கோழி ஐயாவே கேட்டாலும் இதான் பதில்."

பேச்சுக் கேட்டு உள்ளிருந்து வந்த வான்கோழி பதறியது. "பாம்புகிட்டேருந்து காப்பாத்தினவரை அவமானப்படுத்தாதே! வழியை விடு. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"வேலை போனா போகட்டும். வழி விடமாட்டேன்."

சொன்னதோடு நிற்காமல் தொண்டையைத் திறந்தது. அக்கம்பக்கத்துக் காக்கைகளெல்லாம் வேலிமேல் வந்து உட்கார்ந்தன. கீரி விருட்டென்று போய்விட்டது.

"இனி இந்தப் பக்கமே வரமாட்டாரு! இப்போ திருப்தியா?" என்று குதித்தது வான்கோழி.

"தோட்டம் காட்டத்தானே வந்தாரு? நானும் வரேன்னதும் அந்த ஆசை எங்கே போச்சு?"

வான்கோழி கீரி போன வழியைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சு ஓடிவந்து கினிக்கோழியின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. அதன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.