சி டிரைவைக் காணோம்

"டீச்சர், சி டிரைவைக் காணோம்."

அவர் மவுஸை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து அடித்த கடிதம். சேமித்துவிட்டுத் திரும்பத் தேடினால் எதுவும் பழகிய இடத்தில் இல்லை.

"லினக்ஸ்ல சி, டி எல்லாம் கிடையாதுண்ணே. நேத்தே சொன்னேனே," என்றாள் கம்ப்யூட்டர் சென்டர் டீச்சர். "ஹோம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத் திறங்க."

திறந்தார். கடிதம் பத்திரமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் அது திங்கட்கிழமை வரை தங்குமா என்பதுதான் சந்தேகம்.

திங்கள் காலை பத்து மணிக்கு அவருடைய குழாய்க் கம்பெனி ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டரும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுகின்றன. புது விண்டோஸைப் பழைய கம்ப்யூட்டர்கள் தாங்காது. எட்டையும் புதிதாக வாங்கக் கம்பெனிக்கு வசதியில்லை. லினக்ஸ் இலவசம், பழைய பெட்டியிலேயே ஓடும். அன்றைக்கு முதல் கடிதத்தை மொத்த ஆபீஸும் பார்க்க அவர்தான் தமிழில் அடித்துக் காட்ட வேண்டும். தடுமாறினால் இருபத்திரண்டு வருட மானம் கப்பலேறிவிடும். அதனால்தான் மனைவியிடம்கூட வாக்கிங் என்று பொய் சொல்லிவிட்டு, ஆபீஸிலிருந்து வெகு தூரம் தள்ளி இந்த மாடி சென்டரைத் தேடிப் பிடித்திருந்தார்.

"இன்னொரு தடவை முதல்லேருந்து அடிங்க," என்றாள் டீச்சர்.

'அன்புடையீர்' என்று அடித்தார். திரையில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்து விழுந்தன.

"தமிழுக்கு மாத்தலையே நீங்க. பழைய கீயையே அழுத்துறீங்க."

"கை தானாப் போகுது டீச்சர்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திங்கட்கிழமையும் இப்படித்தான் ஆகப் போகுது."

"ஆனா ஆகட்டும். உங்களை அடிச்சுக் காட்டச் சொன்னது யாரு?"

"மேனேஜர்தான். போன வாரம் மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் வாய் விட்டாச்சு."

"அந்த ஆளுக்கு லினக்ஸ் தெரியுமா?"

"அவ்வளவாத் தெரியாது."

"அதானே பார்த்தேன். காசை மிச்சம் பிடிக்கிறேன்னு உங்க தலையில கட்டிட்டு, அவரு ஏசி ரூம்ல காலாட்டிக்கிட்டு இருப்பாரு."

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். அவருக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோ. ராத்திரியில தூங்கறாரோ என்னவோ."

"நல்ல மனுஷன்ணே நீங்க. உங்களை இந்தப் பாடு படுத்துறவருக்கே வக்காலத்து வாங்குறீங்க."

அவர் தலை குனிந்தபடி மறுபடி அடித்தார். இந்தத் தடவை தமிழ் வந்தது. கொஞ்சம் மூச்சு விட்டார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள் இழுபட்டன.

"நாலு மணி பேட்ச்," என்றாள் டீச்சர். "இன்னிக்குத்தான் சேர்றாங்க. ஏழு பேர், ஒரே ஆபீஸ். அவங்களுக்கும் திங்கட்கிழமைதான் மாத்துறாங்களாம்."

தடுப்பைத் தாண்டி ஒரு குரல் வந்தது. "இவ்வளவு தூரம் வந்தா அந்த ஆளு கண்ணுல படாமக் கத்துக்கலாம்."

அவர் ஆபீஸ் கேஷியரின் குரல். தொடர்ந்து சிரித்தது டைப்பிஸ்ட் அம்மா. இவர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், பின்பக்கமா இறங்க வழி இருக்கா?"

"எதுக்கு?"

"எங்க ஆபீஸ் ஆளுங்க. நான் இங்க வர்றது அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அட, இதுல என்ன கூச்சம்? எல்லாரும் ஒரே படகுலதானே போறீங்க. வாங்க, சேர்ந்தே படிங்க." தடுப்புக் கதவை விரியத் திறந்துவிட்டாள். "உங்களை மாதிரியே பயந்துக்கிட்டு ஒருத்தர் இங்க மூணு நாளா வர்றாரு. இவரைப் பாருங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. ஏழு பேரும் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, ஏன் எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க?"

கேஷியர்தான் மெல்லச் சொன்னார். "இவர்தான் எங்க மேனேஜர்."