பூங்கா வாசலில் ஒரு முக்காலி

அந்தக் குடியிருப்பின் பூங்கா கேட், குழந்தைகளின் முழங்காலை ஊடுருவிப் பார்த்துத்தான் திறக்கும். பிடிக்காவிட்டால், "முட்டிச் சில்லு சரியில்லை, அனுமதியில்லை" என்று ஊருக்கே அறிவிக்கும். கோதையின் மகள் எழிலிக்குப் பிறவியிலேயே சில்லு விலகிய கால். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி ஓடி விளையாடுவதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். கேட் கேட்டால்தானே?

கோதை என்ன செய்தாள் தெரியுமா? வேறொரு குழந்தைக்குக் கேட் திறந்த நேரம் பார்த்து எழிலியை உள்ளே அனுப்பிவிட்டு, நடு வாசலில் முக்காலி போட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். மூட முடியாமல் கேட் அலறியது. பால்கனியெல்லாம் தலைகள்.

செக்ரட்டரி மாசிலாமணி ஓடிவந்தார். "ஏனுங்க, எந்திரிங்க! காது போகுதுங்க!"

"முட்டி பாக்கற இந்தக் கேட்ட நிறுத்துங்க, எந்திரிக்கறேன்."

"புள்ள விழுந்தா யாருங்க பொறுப்பு?"

"நானுங்க. பெத்தவ வேற எதுக்கு இருக்கறேன்?"

அந்த நேரம் பார்த்து எழிலி விழுந்தாள். கோதையின் கை அப்படியே நின்றது. முக்காலியை விட்டு அவள் எழுந்தால் கேட் மூடிக்கொள்ளும். மறுபடி முக்காலி போட யாரும் விடமாட்டார்கள். அவள் எழுவதற்குத்தான் மாசிலாமணி காத்திருந்தார்.

எழிலி முட்டியைத் தடவிப் பார்த்தாள். மண்ணைத் தட்டிவிட்டு ஊஞ்சலை நோக்கி ஓடினாள்.

கோதை அடுத்த பூண்டை எடுத்தாள்.