நண்டு நகரும் வரை

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே வீடியோ கேம் விளையாடுகிறவருக்கு இந்தப் பக்கம் அவளும் டீம் லீடரும் இருப்பதே தெரியாது. பேசக் கூடாது, தட்டக் கூடாது, தப்பித்தவறிக்கூட உதவி செய்துவிடக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு விளையாட்டு தன்னைத் தானே கற்றுக்கொடுக்க வேண்டும். அதுதான் சோதனை.

கதை ரொம்பச் சின்னது. ஒரு வாத்து, காற்றில் பறந்துபோன தன் தொப்பியைத் தேடிக் கப்பலேறுகிறது. வீடியோ கேமையே தொட்டிராத மூன்று பேரில் ஒருவராவது பதினைந்து நிமிடத்துக்குள் வாத்தைக் கப்பலில் ஏற்றிவிட்டால் இந்த ஆரம்பக் காட்சி பிழைக்கும். இல்லையென்றால் நாளைக்கே தூக்கிவிடுவார்கள். பதினாலு மாதம் சோறு தண்ணி மறந்து அவள் செய்த காட்சி.

முதலில் வந்த தபால்காரர் பாதியிலேயே கொட்டாவி விட்டார். அடுத்து வந்தவர் வாத்தைப் பதினோரு முறை கடலில் தள்ளிவிட்டு, போதுமடா சாமி என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாவதாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் ஒரு பெண்மணி. அறுபது வயதிருக்கும். பார்த்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வயசானவங்க, பாவம்," என்று டீம் லீடர் உதட்டைப் பிதுக்கினார்.

பெண்மணி கைப்பையைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியில் வைத்து, அதன்மேல் கன்ட்ரோலரை வைத்து, சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தார்.

அவள் சாதாரண நாளிலேயே நகம் கடிப்பவள். இன்று கடிக்க நகமே மிச்சமில்லை.

"காலை ஆட்டாதம்மா, மேஜையே ஆடுது," என்றார் டீம் லீடர்.

திரையில் வாத்து கேட்டது: என் தொப்பியைப் பார்த்தீர்களா?

"பாக்கலையேப்பா," என்று பெண்மணி வாய்விட்டுப் பதில் சொன்னார். டீம் லீடர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாவது நிமிடம் வாத்து கப்பலுக்குப் போகும் பலகையில் ஏறியது. பலகையின் நடுவில் ஒரு நண்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் செய்வது ஒன்றுதான். அதன் வயிற்றில் ஒரு குதி குதித்துத் தாண்டுவார்கள்.

பெண்மணி குதிக்கவில்லை. கன்ட்ரோலரிலிருந்து கையையே எடுத்துவிட்டார்.

ஒன்பது. பத்து.

"போச்சு போ. தூங்குற நண்டுக்குக் காவல் இருக்காங்க," என்று டீம் லீடர் பேனாவை மூடினார்.

அவள் மூச்சுக்கூட விடவில்லை. எந்தப் பொத்தானையும் தொடாமல் மூன்று முழு நிமிடம் காத்திருந்தால் நண்டு தானாக எழுந்து வழிவிடும். யாரிடமும் சொல்லாமல் அவள் அப்படி ஒன்றை உள்ளே வைத்திருந்தாள். தலைபோகிற அவசரத்தில் ஓடுகிற உலகத்தில் எவர் மூன்று நிமிடம் சும்மா இருப்பார்? ஒரே ஒருவரை நினைத்துத்தான் வைத்தாள்.

நண்டு எழுந்தது. சோம்பல் முறித்தது. ஓரமாக நகர்ந்தது.

"நல்லாத் தூங்கினியா?" என்று அதை விசாரித்துவிட்டுப் பெண்மணி வாத்தை நடத்திக்கொண்டு போனார். பதினான்காவது நிமிடம் வாத்து கப்பலில் நின்றது.

டீம் லீடர் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி, இதை எப்ப வச்சே?"

அவள் எழுந்து கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் பெண்மணி படிவத்தை நிரப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். கொஞ்சம் அதிக நேரமே ஒதுக்கினார். பிறகு போய்விட்டார்.

டீம் லீடர் படிவத்தை எடுத்து வந்து கடைசிக் கேள்வியை உரக்கப் படித்தார். இந்த நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாரேனும் வேலை பார்க்கிறார்களா?

"நல்லவேளை. இருந்திருந்தா இந்தச் சோதனையே செல்லாது."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

மகள் நல்ல வேலையை உதறிவிட்டு வாத்து வரையப் போன நாளிலிருந்து இரண்டு வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத அம்மா, சின்ன வயதில் ஒரே ஒரு பொய்க்காக அவளை மதியம் முழுக்க வாசலில் நிற்க வைத்த அம்மா, 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தாள்.