வெறும் தரை

"குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டு வெறும் தரையில நில்லும்மா, போட்டோ எடுக்க வாரோம்" என்று ஊராட்சி ஆபீசிலிருந்து போன் வந்ததுதான் தாமதம், கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுக் கூரையில் கைவைத்தாள் புவனேஸ்வரி. அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டு ஆறு வருஷம்.

படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனை, வத்தலக்குண்டில் வாங்கிய தார்ப்பாய்க்கு அடியில் கிடத்தினாள்.

"மழை வரும்போல இருக்கு புள்ள."

"செத்த பொறுங்க. அடுத்த மழைக்கு நம்ம கான்கிரீட்டு வீட்டுல இருப்போம்."

அதிகாரி வந்தார். படம் எடுத்தார்.

"வீட்டு வேலை எப்பய்யா ஆரம்பிப்பாக?"

"அம்புட்டுப் பேருக்கும் வீடு குடுக்க நிதி ஏதும்மா? குடிசையே இல்லாத ஊருன்னு மேல காட்டணும். அதுக்குத்தான் போட்டோ."

செல்போனைப் பார்த்த அதிகாரி முகம் சுளித்தார்.

"அந்தத் தார்ப்பாயையும் எடுத்துரும்மா. போட்டோவுல குடிசை மாதிரியே தெரியுது."