நாற்பதாவது வாய்

"இந்த ஆள் வேண்டாம்னு அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

"இவர் வாயில நின்னு காட்டினாத்தான் என் பசைக்கு மரியாதை" என்று டாக்டர் சிரித்தாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற உத்தியோகம். பொழுதுக்கும் வாயில் சர்க்கரை. பல்லில் கிளிப் போட்டவர்களுக்கு இனிப்பு ஆகவே ஆகாது. கிளிப்பைச் சுற்றிக் கிருமி குடியேறி, வெள்ளை வெள்ளையாய்த் தழும்பு போட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் டாக்டர் நான்கு வருடமாய் மல்லுக்கட்டினாள். கிளிப்பை ஒட்டும் பசையிலேயே, கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைக் கலந்திருந்தாள். கிருமியை அவை பார்த்துக்கொள்ளும்.

இருபது பேருக்கு அந்தப் புதுப் பசை, இருபது பேருக்குச் சாதாரணப் பசை. இரண்டும் ஒரே நிறம். யாருக்கு எது என்ற பட்டியல் துறைத் தலைவரிடம் மட்டும் இருந்தது. ஒட்டிய டாக்டருக்கும் தெரியாது, ஒட்டிக்கொண்டவருக்கும் தெரியாது.

"முப்பத்தொன்பது வாய்ல தழும்பு விழுந்தது பாதி, விழாதது பாதின்னு இழுபறியாவே நிக்குதும்மா. இவர் பல்லுதான் தீர்ப்பு. தேறலைன்னா இந்த ஆராய்ச்சிய மூடிடலாம்" என்றார் தலைவர், பட்டியலை வைத்து ஒட்டிய கவரைக் கையில் வைத்துக்கொண்டு.

கிளிப்புகள் ஒவ்வொன்றாய்க் கழன்று தட்டில் விழுந்தன. டாக்டர் மிச்சப் பசையைச் சுரண்டி, கழுவி, காற்றடித்துக் காயவைத்து, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய் வரைக்கும்.

"ஒரு புள்ளி கூட இல்ல டாக்டர்" என்றாள் நர்ஸ். அவள் குரலே மாறிவிட்டது. "சர்க்கரை மூட்டைக்குள்ள கிடந்த பல்லுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க."

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையை அவள் மறைக்கவும் இல்லை. "பாத்தீங்களா சார்? பைத்தியக்காரின்னு எத்தனை பேர் சொன்னாங்க."

பிஸ்கட்காரருக்கு அதைவிடப் பெருமை. கைக்கண்ணாடியை வாங்கி, உதட்டைத் தூக்கித் தூக்கி ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் கவரைப் பிரித்தார். விரலை நாற்பதாவது வரி வரைக்கும் இறக்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"சாதாரணப் பசை" என்றார் மெதுவாக.

தன் பல்லிலேயே லயித்திருந்த பிஸ்கட்காரருக்கு அது காதில் விழவே இல்லை.

"இப்பவாவது சொல்லிடறேன் டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஓடிப்போய் ஒரு தடவை பல்லு தேய்ச்சேன், ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை. என் ஒருத்தன் வாயால உங்க பசைக்குக் கெட்ட பேரு வந்துடக்கூடாது பாருங்க."