டிஷ்யூ வைத்த இடம்

சிங்கப்பூரின் ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே, கிம் ஹுவாவின் மீன் சூப் கடையில் மதியக் கூட்டம் நெரிந்தது. மூலையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அந்த ஊர் வழக்கப்படி இடம்பிடிக்க யாரோ அதன்மேல் டிஷ்யூ பாக்கெட் வைத்துப் போயிருந்தார்கள்.

"ஒரு மணி நேரமா ஆளையே காணோம். இந்த வாடகைக்கு நாற்காலி சும்மா கிடந்தா கடைய மூட வேண்டியதுதான்!" என்று பொருமினாள் கிம் ஹுவா.

"எடுத்துடட்டுமா, முதலாளியம்மா?" என்றார் சமையல்காரர் பெங் சூன்.

"ஐயோ, டிஷ்யூவத் தொட்டா சண்டைக்கு வந்துருவாங்க."

"டாய்லெட் கதவு திறக்கவே மாட்டேங்குது," என்று வந்தார் ஒருவர்.

"அது அப்படித்தான் இறுகிக்கும். எதிர்க் கட்டடத்துக்குப் போங்க," என்றாள் கிம் ஹுவா.

கூட்டம் வடிந்ததும் பெங் சூன் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். உள்ளே ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. சட்டைப்பையில், நாற்காலியில் இருந்ததைப் போலவே இன்னொரு டிஷ்யூ பாக்கெட்.

பசியோடு நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட அவர் நாற்காலியில் உட்காரவில்லை.