பூச்சில்லாத அடி

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கிண்ணத்தின் கதை சொல்கிறேன்.

ஒரு அருங்காட்சியகத்தில் ஒருத்தி இருந்தாள். பழைய பாரசீக மண் கிண்ணங்களுக்கு வயது சொல்வது அவள் வேலை. கண்ணாடிப் பூச்சு படாத அடியை நக்கிப் பார்ப்பாள். பழசென்றால் நாக்கு ஒட்டும்.

ஒருநாள் ஒரு நீலக் கிண்ணம் அவளைத் திருப்பி நக்கியது. வெதுவெதுப்பான, ஊசிப்போன எச்சில். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எண்ணூறு வருஷம் இருக்குமாக்கா?" அடுத்த அறையிலிருந்து எழுத்தர் கேட்டார். "உங்க வயசைத்தான் யாராலயும் கண்டுபிடிக்க முடியல!"

அறுபதானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; வயதில் ஐந்து வருடம் குறைத்துச் சொல்லித்தான் அவள் இன்னும் அந்த வேலையில் இருந்தாள். கிண்ணத்தின் அடியில் எச்சில் ஈரத்தில் 63 என்று எழுதியிருந்தது. அவளுடைய உண்மையான வயது. துணியால் தேய்த்தாள், போகவில்லை. எழுத்தரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்த எண்ணை நக்கி அழிக்க நாக்கை நீட்டினாள்.

உங்கள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் என்றைக்கும் வாயில்லாமலே இருக்கட்டும், நல்லா இருங்க.